அங்கோர்வாட்டில் அவசரம் ஆகாது

அங்கோர்வாட்டைப் பார்க்கக் கம்போடியாவின் சியம் ரீப் நகரில் இறங்குபவர்கள் செய்யும் முதல் தவறு டிக்கெட் கவுண்டரிலேயே நடந்துவிடுகிறது. ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62. மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு நாள் டிக்கெட்டை வாங்கிவிடுவோம். அங்கோர்வாட்டோடு இன்னும் பல கோயில்களும் இருக்கும் அங்கோர் தொல்லியல் பூங்காவின் பரப்பு சுமார் 400 சதுர கிலோமீட்டர். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்கப் போனால், டுக்டுக்கில் ஏறி இறங்கியதுதான் நினைவில் நிற்கும். மூன்று நாள் டிக்கெட்டைத் தொடர்ந்து மூன்று நாளும் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை. பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளானாலும் சரி. நடுவில் ஒரு நாள் நிம்மதியாகத் தூங்கலாம்.

அடுத்தது நம்மூர்க்காரர்களுக்கே உரிய தவறு. கோயிலுக்குள் நுழைந்ததும் கால் தானாக இடப்பக்கம் திரும்பி வலம்வரத் தொடங்கும். என் காலும் அப்படித்தான் திரும்பியது. அங்கோர்வாட் மேற்குப் பார்த்த கோயில். அதன் சுற்று மண்டபச் சிற்பங்களை அப்பிரதட்சிணமாகத்தான் பார்த்துக்கொண்டு போக வேண்டும். நுழைந்ததும் வலப்பக்கம் திரும்பினால் குருக்ஷேத்திரப் போர், அம்புப் படுக்கையில் பீஷ்மர். தெற்கே, கோயிலைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மனின் ஊர்வலம், அப்புறம் சொர்க்கமும் நரகமும். கிழக்கே திரும்பினால் தேவர்களும் அசுரர்களும் பாற்கடலைக் கடையும் காட்சி.

இங்கேதான் பெரும்பாலோர் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். சுவரின் நீளம் கிட்டத்தட்ட 50 மீட்டர். அரை மணி நேரமாவது கொடுங்கள். அசுரர்களுக்கு உருண்டை விழி, தேவர்களுக்கு நீள்விழி, கூம்பு மகுடம். நடுவில் மத்துக்குப் பக்கத்தில் குனிந்து கீழ்வரிசையைப் பாருங்கள். ஓரத்தில் தம்பாட்டுக்கு நீந்திக்கொண்டிருக்கும் மீன்களும் முதலைகளும், மத்தை நெருங்க நெருங்கத் துண்டு துண்டாக அறுபட்டுக் கிடக்கும். மகாபாரதம் போகிறபோக்கில் சொல்லும் விஷயத்தைச் சிற்பி விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். தொட்டுப் பார்க்கக் கை துறுதுறுக்கும், வேண்டாம். பல பேர் கை பட்டு ஏற்கெனவே சில இடங்கள் வழவழவென்று ஆகிவிட்டன.

சூரிய உதயத்துக்குக் குளக்கரையில் முண்டியடிப்பதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். உதயம் முடிந்ததும் கூட்டத்தோடு ஓட்டலுக்குத் திரும்புவதுதான் தவறு. எல்லோரும் காலைச் சாப்பாட்டுக்குப் போன பிறகு மண்டபங்கள் காலியாக இருக்கும். பாற்கடல் சுவர் கிழக்கே இருப்பதால் வெளிச்சமும் நன்றாக விழும். கோயிலின் முகப்பைப் படம்பிடிக்க மாலையில் வந்தால் போதும். பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை கல் கொதிக்கும், எங்கேயாவது நிழலில் உட்காருங்கள். கையில்லாத சட்டை, அரை டிரவுசரில் போனால் உச்சித் தளத்துக்கு விட மாட்டார்கள். புத்த விரத நாட்களில் அந்தத் தளம் யாருக்குமே திறக்காது.

கடைசியாக, அங்கோர்வாட்டைத் தமிழ் மன்னன் கட்டினான் என்ற வாட்ஸ்அப் செய்தியை நம்பிக் கிளம்பாதீர்கள். கட்டியவர் கம்போடியாவை ஆண்ட கெமர் மன்னர். நம்மூர்த் தொடர்பைத் தேடுவதானால், 967-இல் எழுப்பப்பட்ட பண்டியாய் ஸ்ரீக்குப் போகலாம். வெளியே தள்ளி இருக்கிறது என்று பலர் விட்டுவிடும் சின்னக் கோயில், இளஞ்சிவப்புக் கல். அங்கே ஆடும் சிவனின் காலடியில், எலும்பும் தோலுமாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். காரைக்கால் அம்மையார் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.