“முதலாளி போன் போட்டுத் தடுத்துட்டாரு சார்”: ஊடக விமர்சனத்தில் நாம் செய்யும் தவறுகள்

கடலூர் முதுநகரில் ஒன்பது வருஷம் பகுதிநேர நிருபராக இருந்தேன். இப்போது புதுச்சேரியில் இதழியல் படிக்கும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் வகுப்பு எடுக்கிறேன். ‘ஒரு செய்தி ஏன் பேப்பரில் வராமல் போகிறது?’ என்று கேட்டால் முதல் வாரத்திலேயே ஒரு பதில் வந்துவிடும்: “முதலாளி போன் போட்டுத் தடுத்துட்டாரு சார்.”

மற்ற தவறுகளுக்கெல்லாம் தாய்த் தவறு இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரசாயன ஆலைகள் இருக்கும் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஈச்சங்காடு, குடிகாடு ஊர்கள் பக்கத்திலிருந்து ஒரு நாள் ராத்திரி பத்து பேர் கூப்பிட்டார்கள். மூச்சடைக்கிற நெடி, குழந்தைகள் வாந்தி எடுக்கிறார்கள் என்றார்கள். போய்ப் பார்த்தேன். எனக்கே கண் எரிந்தது. மறுநாள் மதியம் செய்தியை அனுப்பினேன். செய்திகளைத் திருத்திப் பக்கத்தில் ஏற்றும் டெஸ்க்கில் இருந்தவர் நல்ல மனிதர். “அதிகாரி என்ன சொல்றாருன்னு ஒரு வரி வாங்கிக் குடுங்க, போட்டுடலாம்” என்றார். அதிகாரி போனை எடுக்கவில்லை. சாயங்காலம் மாவட்டப் பக்கம் முடிகிற நேரம் வந்தது. என் செய்தி இருந்த இடத்தில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம் பற்றிய பத்திரிகைக் குறிப்பு ஏறியது. அடுத்த நாள் கேட்டபோது, “அது நேத்து மேட்டர் ஆச்சே” என்றார்கள். யாரும் யாருக்கும் போன் போடவில்லை. யாரும் கெட்டவரும் இல்லை. ஆனால் செய்தி செத்துவிட்டது.

எட்வர்ட் ஹெர்மன், நோம் சாம்ஸ்கி என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் 1988-ல் ‘Manufacturing Consent’ என்ற புத்தகத்தில், எது செய்தியாக வரும் என்பதைச் சலித்தெடுக்கும் ஐந்து வடிகட்டிகளைச் சொன்னார்கள். அதில் மூன்றாவது இதுதான். உடைமை, விளம்பரம், செய்தி மூலம் (சரக்கு யாரிடமிருந்து வருகிறது), எதிர்த் தாக்குதல் (செய்தி போட்டால் வரும் புகார், வழக்கு, மிரட்டல்), கம்யூனிச எதிர்ப்பு என்று ஐந்தையும் எங்கள் பிள்ளைகள் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் முதல் வடிகட்டியை மட்டும் பிடித்துக்கொண்டு, அதையும் சதி என்று படிக்கிறார்கள். அந்த ஆசிரியர்களே தாங்கள் சொல்வது சதிக் கோட்பாடு அல்ல என்று புத்தகத்தின் முன்னுரையில் மறுத்திருக்கிறார்கள். செய்தித் தொழிலுக்குத் தினமும் சரக்கு வேண்டும். நேரத்துக்கு, செலவில்லாமல், வழக்கு வராத மாதிரி சரக்கு தருவது அரசு அலுவலகமும் பெரிய நிறுவனமும். குடிகாட்டு அம்மாவிடம் மக்கள் தொடர்பு அலுவலர் கிடையாது.

தணிக்கையையும் செய்தித் தேர்வையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதும் இதே தவறின் கிளை. தணிக்கை எப்படி இருக்கும் என்று தெரிய, புதுச்சேரிக்காரர்கள் ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் இருக்கும் பாரதியார் வீடு வரை நடந்தால் போதும். 1908-ல் பாரதியாரின் ‘இந்தியா’ பத்திரிகை, அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இங்கே இடம்பெயர்ந்தது. பிரிட்டிஷ் எல்லைக்குள் அது நுழையக்கூடாது என்று தடை வந்து 1910-ல் நின்றுபோனது. தடுத்தவர் யார், எந்த ஆணையால் தடுத்தார் என்று அதில் விரல் நீட்டிச் சொல்லலாம். என் செய்திக்கு அப்படி விரல் நீட்ட ஆள் இல்லை. அதனால்தான் அதை விளக்கக் கோட்பாடு தேவைப்படுகிறது.

1965-ல் யோஹான் கால்டுங், மாரி ரூகே என்ற நார்வே ஆய்வாளர்கள் தங்கள் நாட்டு நாளிதழ்களில் காங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகள் பற்றி வந்த செய்திகளை ஆராய்ந்து, ஒரு நிகழ்வைச் செய்தியாக்கும் பன்னிரண்டு காரணிகளைச் சொன்னார்கள். அதில் முதலாவது கால அளவு. பேப்பரின் ஒரு நாள் சுழற்சிக்குள் நடந்து முடிகிற நிகழ்வு எளிதாக உள்ளே வரும். ஆலையில் டேங்க் வெடித்தால் அன்றே முதல் பக்கம். அதே காற்றைப் பல வருஷமாகச் சுவாசிப்பதற்குத் தேதி கிடையாது. 2004-ல் சிப்காட் பகுதி மக்களே பிளாஸ்டிக் வாளிக்குள் பையை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். நெடிக்கு ஒரு தேதியும் ஒரு அறிக்கையும் கிடைத்தது. நான் பார்த்தவரையில் செய்தித் தேர்வின் விதிகளை அவர்கள் அளவுக்குப் புரிந்துகொண்டவர்கள் குறைவு.

அடுத்த தவறு, கருத்தியல் என்றதும் கட்சிக் கொள்கை என்று எடுத்துக்கொள்வது. கட்சிப் பத்திரிகைகளிலேயே வளர்ந்தவர்கள் நாம். “அது அவங்க பேப்பர்பா” என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்ஷி சிறையில் எழுதிய குறிப்புகளில் பேசுவது வேறு. மேலே இருப்பவர்களின் பார்வை எல்லோருக்கும் பொதுபுத்தியாகப் படிந்துவிடுவதைப் பற்றியது அது. இதைத் தமிழில் கண்டுபிடிக்க வினைச்சொல்லைப் பார்க்க வேண்டும். ‘சிப்காட் பகுதியில் துர்நாற்றம்: பொதுமக்கள் அவதி’. நானே எத்தனையோ முறை எழுதிய தலைப்பு இது. நெடி யாருடையது? தானாக வருகிறது, மழை மாதிரி. உள்ளே, ‘உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும் எனப் பொதுமக்கள் கோரிக்கை விடுத்துள்ளனர்’. மாவட்டப் பக்கத்தில் மக்களுக்கு வாய்த்த வினைகள் அவதிப்படுவது, கோருவது, மறியல் செய்வது. அதிகாரிக்கு ஆய்வும் நடவடிக்கையும். ஆலைக்கு வினையே இல்லை. ஒன்றையொன்று திட்டிக்கொள்ளும் இரண்டு கட்சிப் பேப்பர்களை எடுத்துப் பாருங்கள், இந்த வாக்கியம் இரண்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

வாசகரைப் பஞ்சு என்று நினைப்பதும் தவறு. ஊற்றினால் உறிஞ்சிக்கொள்வார்கள் என்று எண்ணுகிறோம். பிரிட்டனின் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973-ல் சொன்னது, ஒரே செய்தியை மூன்று நிலைகளில் நின்று படிக்கலாம் என்பது: சொன்னபடி ஏற்பது, பாதி ஏற்றுப் பாதி பேரம் பேசுவது, எதிர்நின்று படிப்பது. துறைமுகத்தில் டீக்கடை ஒன்றில் இதை நேரிலேயே கேட்டேன். ஏப்ரல் 15-ல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், மீன்வளம் பெருகும் என்று செய்தி. விசைப்படகு வைத்திருந்தவர் “நல்லதுதான், குஞ்சு வளரட்டும்” என்றார். அவர் படகில் வேலை செய்பவர், “வளரட்டும்ணே, ரெண்டு மாசம் நம்ம வீட்டு உலைக்கு யாரு?” என்றார். ஓரமாக உட்கார்ந்திருந்த கட்டுமரக்காரர் பேப்பரைத் தட்டி, “கடலை அரிச்சவன் பேரை மட்டும் இதுல காணோம்” என்றார்.

1988-ன் அமெரிக்கப் பட்டியலை அப்படியே கடலூருக்குத் தூக்கி வராதீர்கள் என்பதையும் சொல்லவேண்டும். இங்கே விளம்பரம் என்றால் நகைக்கடையோடு அரசு டெண்டரும் சேரும். கம்யூனிச எதிர்ப்பு இருந்த இடத்தில் இங்கே எது உட்கார்ந்திருக்கிறது என்று தேடுவதுதான் வேலை. சாதிப் பெயரை எப்போது எழுதுவோம், எப்போது ‘இரு தரப்பினர்’ என்று மறைப்போம் என்பதிலிருந்து தேட ஆரம்பிக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

கடைசித் தவறு, பேப்பரிலிருந்து வெட்டியெடுத்த ஒரே ஒரு துண்டைக் காட்டிச் சாதிப்பது. 2015 நவம்பர் 9, 10 தேதிகளில் கடலூர் மாவட்டம் மூழ்கியது. டிசம்பர் 1-ல் சென்னை மூழ்கிய பிறகு எங்கும் சென்னைப் பேச்சுதான். எனக்கு இன்றும் அந்த ஆத்திரம் உண்டு. ஆனால் ஆத்திரம் ஆதாரமாகாது. ஒரே மாதிரியான இரண்டு நிகழ்வுகளை எடுத்து, ஒரே பேப்பரில், ஒரே எண்ணிக்கையிலான நாட்களுக்கு அளக்க வேண்டும்: எந்தப் பக்கம், எத்தனை சென்டிமீட்டர், யார் பேசுகிறார், யாருக்குப் பெயர் இருக்கிறது, யார் வெறும் ‘பொதுமக்கள்’. கொல்லப்பட்ட போலந்து பாதிரியார் ஒருவருக்கும் லத்தீன் அமெரிக்காவில் கொல்லப்பட்ட மதத் தொண்டர்களுக்கும் கிடைத்த இடத்தை ஹெர்மனும் சாம்ஸ்கியும் இப்படித்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார்கள்.

வரும் சனிக்கிழமைக்குப் பிள்ளைகளிடம் நூலகத்தில் 2015 நவம்பர், டிசம்பர் பேப்பர் கட்டுகளைக் கேட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆளுக்கொரு ஸ்கேலும் கொண்டுவரச் சொன்னேன்.