விடுதலைத் தீர்ப்புக்குப் பின் செய்யப்படும் தவறுகள்: காவல் வன்முறை வழக்குகளும் இருமுறைத் தண்டனைத் தடையும்

2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரத் தெருவில் ஜார்ஜ் ஃபிளாய்டு ஒரு போலீஸ்காரரின் முழங்காலுக்கு அடியில் மூச்சுத் திணறி இறந்தார். ஒரு மாதம் முடிவதற்குள், சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்த நாட்களில் உயிரிழந்தார்கள். முழு ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்டிருந்த சென்னைவாசிகளாகிய நாம் இரண்டு செய்திகளையும் ஒரே கைபேசித் திரையில் பார்த்தோம். அந்த ஒப்பீட்டில் நியாயம் இருந்தது. ஆனால் அதன் கூடவே அமெரிக்கச் சட்டத்தின் சொற்களும் நம் பேச்சுக்குள் வந்துவிட்டன. காவலர் ஒருவர் விடுதலை செய்யப்பட்டார் என்ற செய்தி வந்தால், 'ஒரே குற்றத்துக்கு இரண்டாம் முறை விசாரிக்க முடியாதே, இனி என்ன செய்வது' என்று ஒரு சாராரும், 'மறுபடியும் புதிதாக வழக்குப் போடுங்கள்' என்று இன்னொரு சாராரும் பேசுகிறார்கள். நம் நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தவரை இரு சாராருமே தவறுகிறார்கள். அந்தத் தவறின் விலையைக் கொடுப்பது, உறவைப் பறிகொடுத்து நிற்கும் குடும்பம்.

முதல் தவறே மிகப் பெரியது என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஜூரிகள் ஒருவரைக் குற்றமற்றவர் என்று சொல்லிவிட்டால், அரசுத் தரப்பு அந்த முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய இயலாது. இந்தியாவில் அப்படி இல்லை. அரசியலமைப்பின் 20(2) ஆவது பிரிவு, ஒரே குற்றத்துக்காக ஒருவர்மீது ஒருமுறைக்கு மேல் வழக்குத் தொடுத்துத் தண்டிப்பதைத் தடுக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 300 ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 337 ஆவது பிரிவாகத் தொடர்கிறது. அது விடுதலை பெற்றவருக்கும் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் அந்த விடுதலைத் தீர்ப்பு செல்லத்தக்கதாக இருக்கும் வரைதான். மேல்முறையீடு என்பது இரண்டாவது வழக்கு அல்ல, முதல் வழக்கின் தொடர்ச்சி. அமர்வு நீதிமன்றம் விடுவித்தவரை, அதே சாட்சியங்களை மறுபடி அலசிப் பார்த்து உயர் நீதிமன்றம் தண்டிக்கலாம். அரசு மேல்முறையீடு செய்யத் தவறினாலும், பாதிக்கப்பட்டவர் தாமே மேல்முறையீடு செய்யும் உரிமை 2009 முதல் நம் சட்டத்தில் இருக்கிறது. அதற்கு நீதிமன்றத்தின் முன் அனுமதி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 ஆம் ஆண்டு மல்லிகார்ஜுன் கோடகலி வழக்கில் தெளிவுபடுத்தியது.

ஆகவே 'எல்லாம் முடிந்துவிட்டது' என்று அந்தக் குடும்பத்திடம் சொல்வதைப் போன்ற தீங்கு வேறில்லை. விடுதலையை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்யச் சட்டம் தந்திருக்கும் காலம் 90 நாட்கள். தீர்ப்பு வந்த வாரத்தில் ஆறுதல் சொல்லப் போகிறவர்கள், தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டாயிற்றா என்று முதலில் கேட்க வேண்டும்.

மறுபடியும் வழக்குப் போடலாம் என்பதற்கு அமெரிக்கக் கறுப்பினத்தவரான ராட்னி கிங்கின் வழக்கை எடுத்துக்காட்டாகச் சொல்பவர்களும் ஒன்றைக் கவனிப்பதில்லை. 1991 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலிஸ் போலீசார் அவரை அடித்தது காணொளியாகப் பதிவாகியும், 1992 ஏப்ரல் 29 அன்று மாநில நீதிமன்ற ஜூரிகள், ஒருவர்மீதான ஒரு குற்றச்சாட்டில் மட்டும் முடிவுக்கு வர இயலாமல், மற்றபடி நால்வரையும் விடுவித்தார்கள். நகரம் பற்றியெரிந்தது, அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மறு ஆண்டு கூட்டாட்சி நீதிமன்றம் நால்வரையும் விசாரித்து இருவருக்கு முப்பது மாதச் சிறை விதித்தது. கலவரத்துக்குப் பணிந்து சட்டம் வளைந்துகொடுத்ததாக இதைப் புரிந்துகொள்வது பிழை. அமெரிக்காவில் மாநிலமும் மத்திய அரசும் தனித்தனி இறையாண்மைகள். ஒரே செயல் இரண்டின் சட்டங்களையும் மீறும்போது இரண்டும் தனித்தனியே வழக்குத் தொடரலாம். இந்தக் கோட்பாட்டை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019 ஆம் ஆண்டிலும் உறுதி செய்தது.

இங்கே அந்த வழி கிடையாது. ஆதலால், விடுதலைத் தீர்ப்புக்குப் பின் 'சிபிஐயிடம் ஒப்படைத்து மறுபடி விசாரியுங்கள்' என்று கேட்பது வீண். சிபிஐ வேறொரு புலனாய்வு அமைப்பே தவிர வேறொரு இறையாண்மை அல்ல. சாத்தான்குளத்திலும் 2025 இல் திருப்புவனத்திலும் நடந்ததுபோல, அந்தக் கோரிக்கைக்குப் பொருள் இருப்பது புலனாய்வின் தொடக்கத்தில்தான். முதல் விசாரணையே சாட்சிகளை மிரட்டி நடத்தப்பட்ட வெறும் சடங்கு என்பதுபோன்ற பெருங்குறையை மேல்முறையீட்டில் நிறுவினால்தான் மறுவிசாரணைக்கு இடமுண்டு. குஜராத்தில் 2002 கலவரத்தின்போது ஒரு பேக்கரிக்குத் தீவைத்துப் பலரைக் கொன்ற பெஸ்ட் பேக்கரி வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட இருபத்தொரு பேரும் 2003 இல் விடுதலையானார்கள். 2004 இல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை நீக்கி, விசாரணையை மகாராஷ்டிரத்தில் நடத்த ஆணையிட்டது. 2006 இல் ஒன்பது பேர் தண்டிக்கப்பட்டார்கள்.

பலரும் அறியாத விதிவிலக்கு ஒன்றும் அதே 337 ஆவது பிரிவில் இருக்கிறது. கொடுங்காயம் ஏற்படுத்தியதற்காக ஒருவர் தண்டிக்கப்பட்ட பிறகு, காயம்பட்டவர் அக்காயத்தால் இறந்துபோனால், உயிரிழப்பை ஏற்படுத்திய குற்றத்துக்காக அவரைத் தனியே விசாரிக்கலாம். லத்தியடியில் சிறுநீரகம் கெட்டு, மாதங்கள் கழித்து ஒருவர் இறக்கும் நிலையில் இது வெறும் ஏட்டு விதி அல்ல. அடி விழுந்த நாளின் மருத்துவக் குறிப்புகளைத் தொலைக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணமும் இதுவே.

'ஆயுதப்படைக்கு மாற்றம்', 'பணியிடை நீக்கம்' என்ற செய்தியைக் கேட்டதும் பாதி நீதி கிடைத்துவிட்டதாக எண்ணி ஊர் அடங்கிவிடுவதைப் பார்க்கிறோம். மாற்றம் தண்டனை அல்ல. பணியிடை நீக்கமும் தண்டனை அல்ல. மறுபுறம், துறை நடவடிக்கையில் ஊதிய உயர்வு வெட்டப்பட்ட காவலர், தாம் ஏற்கெனவே தண்டனை பெற்றுவிட்டதாக நீதிமன்றத்தில் வாதிடுவதும் செல்லாது. துறை விசாரணை குற்ற வழக்குக்கு ஈடாகாது என்று 1954 ஆம் ஆண்டிலேயே வெங்கட்ராமன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இழப்பீடும் அப்படியே. நிலபதி பெஹரா வழக்கின் 1993 ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, காவல் மரணத்துக்கான இழப்பீடு அடிப்படை உரிமையை மீறிய அரசின் பொறுப்பு. அதைப் பெற்றுக்கொண்ட குடும்பத்தை 'காசு வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்தார்கள்' என்று ஏசுவது அறியாமை மட்டுமல்ல, கொடுமை.

போலீஸ்காரருக்கு மட்டும் இந்த இருமுறைத் தண்டனைத் தடையின் பாதுகாப்பு வேண்டாம் என்று சினத்தில் சொல்பவர்களை எனக்குப் புரிகிறது. ஆனால் அரசின் வலிமையைத் தனி மனிதர்மீது திரும்பத் திரும்பப் பாய்ச்சாமல் தடுக்கவே இந்த விதி பிறந்தது. ஒரு திருட்டு வழக்கில் விடுதலையான வியாசர்பாடி இளைஞனை அதே வழக்கில் மறுபடி கூண்டில் ஏற்ற முடியாமல் காப்பது இதுதான். காவலருக்காக இதை உடைத்தால், உடைந்த விதியை முதலில் பயன்படுத்தப் போவது காவல் நிலையமே. விதியை உடைக்காமலேயே சட்டத்தை மாற்ற முடியும். மதுரா வழக்கில், 1972 இல் காவல் நிலையத்தில் ஒரு பழங்குடிப் பெண்ணை வன்புணர்ந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட இரு காவலர்களை 1978 இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. 1979 இல் சட்டப் பேராசிரியர்கள் நால்வர் எழுதிய திறந்த கடிதமும் அதன்பின் எழுந்த பெண்கள் போராட்டமும் அந்தத் தீர்ப்பை மாற்றவில்லை. ஆனால் 1983 இல் சட்டத்தையே திருத்த வைத்தன. காவலில் நிகழும் வன்புணர்வு தனிக் குற்றமானது. அத்தகைய வழக்கில் சம்மதம் இல்லை என்று பெண் சொன்னால் அதை நீதிமன்றம் அனுமானமாகக் கொள்ளும் விதியும் வந்தது.

கடைசியாக, கூட்டம் கூடும் நாளைப் பற்றி ஒன்று. தீர்ப்பு நாளில் நீதிமன்ற வாசலில் நிற்பவர்களில் பெரும்பாலோர், குறுக்கு விசாரணை நாட்களில் அங்கே இருப்பதில்லை. சாட்சி பிறழ்வது அந்த நாட்களில்தான். தன்மேல் கை வைத்த அதே சீருடை வரிசையாக உட்கார்ந்திருக்கும் அறைக்குள், துணைக்கு யாருமின்றி நுழைபவர் எத்தனை முறைதான் உறுதியாக நிற்பார்? தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் 1992 ஜூனில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் நடத்திய வன்கொடுமை வழக்கில் சங்கங்கள் அந்த மக்களோடு ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்துக்கு நடந்தன. 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தபோது குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களின் மேல்முறையீட்டைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று தள்ளுபடி செய்தது. முப்பத்தோரு ஆண்டுகளாகியும் அந்த ஊர்ப் பெண்கள் தங்கள் வாக்குமூலத்திலிருந்து விலகவில்லை.