ஓடுகிற நாய், பறக்கிற நாரை: முதல் கேமரா வாங்கும் முன்

எங்கள் வீட்டில் ஒரு கன்னி இன நாய் இருக்கிறது. உடம்பெல்லாம் கறுப்பு, புருவத்திலும் காலிலும் மட்டும் பழுப்பு. காலையில் அறுப்பு முடிந்த காட்டில் அவிழ்த்துவிட்டால் வரப்புக்கு வரப்பு அது தாவுகிற அழகு இருக்கிறதே, அதற்காகத்தான் நான் கேமராவே வாங்கினேன். முதல் நாள் முந்நூறு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் பின்னால் நின்ற பனைமரத்தின் ஓலை ஒவ்வொன்றும் தெளிவு, நாய் மட்டும் கலங்கலான கறுப்புத் தீற்றல். கேமரா கெட்டது இல்லை. அதே கேமராவில் வாசல் கோலத்தை எடுத்தால் மாவின் பொடிகூடத் தெரியும். ஓடுகிற உயிரைப் பின்தொடர அது செய்யப்படவில்லை, அவ்வளவுதான். வாங்கும்போது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. உங்களுக்காவது முன்கூட்டியே தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 36 கிமீ வேகத்தில் ஓடுகிற நாய் விநாடிக்கு 10 மீட்டர் போகிறது. ஷட்டர், அதாவது ஒளியை உள்ளே விடுகிற கதவு, 1/500 விநாடி திறந்திருந்தால் அதற்குள் நாய் 2 செமீ நகர்ந்துவிடும், 1/2000 என்றால் அரை செமீ. அதனால்தான் ஓடுகிற நாய்க்குக் குறைந்தது 1/1000, சின்னப் பறவைக்கு 1/2000 அல்லது அதற்கும் மேலே என்று சொல்வார்கள். இது எந்தக் கேமராவிலும் வைக்கக்கூடியதுதான், சாதாரண ஆரம்ப நிலைக் கேமராகூட 1/4000 வரை போகும். ஆகவே ‘இந்தக் கேமரா ஷட்டர் வேகமானது’ என்று யாராவது சொன்னால் அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நாய் உங்களுக்குக் குறுக்கே ஓடாமல் உங்களை நோக்கி ஓடி வருகிறது என்று வையுங்கள். 15 மீட்டர் தூரம், 300 எம்எம் லென்ஸ் (எம்எம் கூடக் கூடத் தூரத்துப் பொருள் பெரிதாக விழும்), எஃப் 5.6 (லென்ஸின் துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்ற அளவு). இந்த நிலையில் படத்தில் தெளிவாக விழுகிற ஆழம் ஏறக்குறைய அரை மீட்டர்தான். நாய் அந்த அரை மீட்டரை விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். அதாவது கேமரா ஃபோகஸைப் பிடித்து, நீங்கள் பட்டனை அழுத்தி முடிப்பதற்குள் நாய் அந்த இடத்தில் இல்லை. கேமரா விடாமல் கணக்குப் போட்டு, நாய் அடுத்து எங்கே இருக்கும் என்று ஊகித்து லென்ஸை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஓடுகிற விலங்குக்குக் கேமரா தேடுகிறவர் பார்க்க வேண்டியது இந்த ஒரு திறமையைத்தான். மெகாபிக்சல், 4கே வீடியோ, திரை எத்தனை பக்கம் திரும்பும் என்பதெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

இதற்குப் பெயர் தொடர் ஃபோகஸ். சோனியிலும் நிக்கானிலும் ஏஎஃப்-சி என்று இருக்கும், கேனனில் சர்வோ. கேமரா கைக்கு வந்ததும் முதல் வேலையாக அதற்கு மாற்றிவிடுங்கள். பெட்டியிலிருந்து எடுத்தபடியே தானியங்கி நிலையில் வைத்துச் சுட்டுவிட்டு ‘இந்தக் கேமரா சரியில்லை’ என்று விற்கப் போனவர்களை எனக்குத் தெரியும்.

கடந்த சில வருடங்களில் வந்த மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்களில் விலங்கையும் பறவையையும் தானாக அடையாளம் கண்டு, கண்ணில் போய் ஃபோகஸ் ஒட்டிக்கொள்கிற வசதி வந்துவிட்டது. புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. முன்பெல்லாம் ஒற்றை ஃபோகஸ் புள்ளியை நாரையின் தலைமேல் நிறுத்தியபடியே கேமராவைச் சுழற்றக் கற்றுக்கொள்ளவே ஒரு சீசன் போகும். இப்போது பறவையைப் படச் சட்டத்துக்குள் வைத்திருந்தால் போதும், மிச்சத்தைக் கேமரா பார்த்துக்கொள்கிறது. ஆனால் ‘விலங்குக் கண் ஃபோகஸ்’ என்று பெட்டியில் எழுதியிருந்தால் பறவையும் அதில் சேர்த்தி என்று நினைத்துவிடாதீர்கள். சோனி ஏ6400 நாய், பூனையின் கண்ணைப் பிடிக்கும், பறவைக்கென்று தனி வசதி அதில் இல்லை. 2023இல் வந்த ஏ6700இல் இருக்கிறது. கேனன் ஆர்10இல் நாய், பூனை, பறவை மூன்றும் ஒரே தேர்வில் அடங்கும். நிக்கான் இசட்50 டூவில் பறவைக்குத் தனித் தேர்வு உண்டு.

கறுப்பு விலங்குகள் மட்டும் இன்னும் கஷ்டம்தான். ஃபோகஸ் அமைப்பு வெளிச்சமும் நிழலும் மாறுகிற விளிம்பைத் தேடுகிறது, கறுப்பு நாயிலும் காகத்திலும் நீர்க்காகத்திலும் அந்த விளிம்பு குறைவு. என் நாயின் புருவத்தில் இருக்கிற பழுப்புப் பொட்டைத்தான் கேமரா பல சமயம் கண் என்று எடுத்துக்கொள்கிறது. பரவாயில்லை, பொட்டுக்கும் கண்ணுக்கும் ஒரு விரல் இடைவெளிதான், படம் தெளிவாகவே வருகிறது. காலை வெயில் முகத்தில் சாய்வாக விழுகிற பக்கம் நின்றால் இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

சரி, கடையில் எப்படிச் சோதிப்பது? கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்று சுவரைப் படம் எடுத்துப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. உங்கள் மெமரி கார்டைக் கையோடு கொண்டுபோங்கள். கடை வாசலில் நின்று, எதிரே உங்களை நோக்கி வருகிற பைக் ஒன்றைப் பின்தொடருங்கள். ஷட்டர் 1/1000, தொடர் ஃபோகஸ், தொடர் படம். பட்டனை இரண்டு விநாடி விடாமல் அழுத்துங்கள். அப்புறம் ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கி நம்பர் பிளேட்டைப் படியுங்கள். இருபது படத்தில் பதினைந்தில் எண் தெளிவாகப் படிக்க முடிந்தால் அந்தக் கேமராவும் லென்ஸும் உங்களுக்கு ஒத்து வரும். முதல் இரண்டு படம் மட்டும் தெளிவு, பிறகு எல்லாம் கலங்கல் என்றால் அந்தக் கேமரா பின்தொடரவில்லை. பெரிய கடைகளில் இதற்கு மறுப்புச் சொல்வது குறைவு. மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள், இவ்வளவு பணம் கொடுக்கிறவர் கேட்கக்கூடாத கேள்வி இல்லை இது.

கடைக்குள்ளேயே செய்யக்கூடிய இன்னொரு சோதனையும் உண்டு. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை வைத்துச் சுழல்கிற மின்விசிறியைப் படம் எடுங்கள். பல கேமராக்களில் விசிறியின் இறக்கை வாழைப்பழம் மாதிரி வளைந்து விழும். ஒளியைப் பதிகிற சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால் வருவது இது, படித்து முடிப்பதற்குள் இறக்கை நகர்ந்துவிடுகிறது. பறவையின் சிறகுக்கும் இதே கதிதான். விநாடிக்கு 23 படம், 30 படம் என்று விளம்பரத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் இந்த எலக்ட்ரானிக் ஷட்டரின் கணக்கு. நீங்கள் பார்க்க வேண்டியது, நிஜமாகவே திரை திறந்து மூடுகிற மெக்கானிக்கல் ஷட்டரில் எத்தனை என்பதை. ஆர்10இல் அது விநாடிக்கு 15, இசட்50 டூவிலும் ஏ6700இலும் 11. நிதானமாகச் சிறகடிக்கிற கூழைக்கடாவுக்கும் நாரைக்கும் விநாடிக்கு ஆறு ஏழு படமே தாராளம். பஞ்சுருட்டான் மாதிரி சட்டென்று திரும்புகிற பறவைக்குத்தான் பத்துக்கு மேல் கிடைத்தால் நல்லது.

எண்ணிக்கை மட்டும் போதாது, பஃபர் என்று ஒன்று இருக்கிறது. எடுத்த படங்களைக் கார்டில் எழுதுவதற்கு முன் கேமரா தேக்கி வைக்கிற இடம். அது நிறைந்ததும் கேமரா திணற ஆரம்பிக்கும், அந்த நேரம் பார்த்துத்தான் மீன்கொத்தி மீனோடு மேலே வரும். சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கிற பெரிய ரா கோப்பில் எடுத்தால் சீக்கிரம் நிறையும், சுருக்கிய சின்னக் கோப்பான ஜேபெக்கில் நீண்ட நேரம் தாங்கும். ஆரம்பத்தில் ஜேபெக்கிலேயே எடுங்கள், தவறே இல்லை. வேகமாக எழுதுகிற யுஎச்எஸ்-2 கார்டைக் கேமரா ஏற்கிறதா என்றும் கேளுங்கள். ஆர்10, இசட்50 டூ, ஏ6700 மூன்றும் ஏற்கும், கேனன் ஆர்50 ஏற்காது.

இப்போது லென்ஸ். புதிதாக வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். கையில் இருக்கிற பணத்தில் பெரும்பகுதியை லென்ஸ் இல்லாத வெறும் கேமராவுக்கு, அதாவது பாடிக்கு, கொடுத்துவிட்டு, கூடவே வருகிற 18-45 மாதிரியான கிட் லென்ஸோடு வேடந்தாங்கல் போனால் ஏரிக்குள் இருக்கிற நீர்க்கடம்பு மரம் தெரியும், மரத்தின்மேல் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். பாதிப் பணமாவது லென்ஸுக்கு என்று முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். நாய், குதிரை, ரேக்ளா மாடு என்றால் 200-250 எம்எம் போதும், கேனன் 55-250 எஸ்டிஎம், நிக்கான் இசட் 50-250 இரண்டும் இதற்கு நல்ல லென்ஸ்கள், கனமும் குறைவு. பறவை என்றால் ஏறக்குறைய 400 எம்எம் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். கேனன் ஆர்எஃப் 100-400 வெறும் 635 கிராம், கையில் பிடித்தபடியே பறவையைத் துரத்தலாம், ஃபோகஸ் மோட்டாரும் வேகம். சோனியில் 70-350. நிக்கான் 180-600 அருமையான லென்ஸ்தான், ஆனால் இரண்டு கிலோ, காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை ஏரிக்கரையில் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள். எட்டிப் பிடிக்கிற லென்ஸ் இருந்தால் பறவைக்குப் பக்கத்தில் போகவும் வேண்டாம். கூடு கட்டியிருக்கிற பறவையைக் கிட்டப் போய்க் கிளப்பிவிட்டால் முட்டையும் குஞ்சும் வெயிலில் தவிக்கும்.

பெரிய சென்சார் உள்ள ஃபுல் பிரேம் கேமரா வாங்கச் சொல்லி உங்கள் ஊர்க் கல்யாண போட்டோகிராபர் கட்டாயம் சொல்வார். அவர் வேலைக்கு அது சரி, மண்டபத்தின் மங்கல் வெளிச்சமும் 85 எம்எம் லென்ஸும் அவர் உலகம். நமக்குச் சின்ன சென்சாரான ஏபிஎஸ்-சி வசதி. 400 எம்எம் லென்ஸை அதில் மாட்டினால் கேனனில் 640, மற்றவற்றில் 600 எம்எம் போட்ட மாதிரி பறவை பெரிதாக விழும். லென்ஸின் விலையும் எடையும் அப்படியே மிச்சம்.

‘பாடியில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதா’ என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், நாயின் ஓட்டத்தை அடக்காது. 1/2000இல் எடுக்கும்போது அதனால் பெரிய வித்தியாசம் இல்லை, அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். வெளிச்சம்தான் நிஜக் கவலை. நல்ல வெயிலில் 1/2000, எஃப் 6.3க்கு ஐஎஸ்ஓ (கேமரா ஒளியைப் பெருக்குகிற அளவு) 400 போதும், பனி விலகாத காலையில் அதே அமைப்புக்கு 5000, 6400 என்று ஏறும். கொஞ்சம் பொரிப்பொரியாகத்தான் வரும், வரட்டும். பொரியைப் பிறகு மென்பொருளில் குறைக்கலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

பணம் குறைவு என்றால் பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) பக்கம் தைரியமாகப் போங்கள். நிக்கான் டி500, கேனன் 7டி மார்க் 2 இரண்டும் விநாடிக்கு 10 படம் எடுக்கிற, இந்த வேலைக்கென்றே செய்யப்பட்ட கேமராக்கள். கண்ணைத் தானாகப் பிடிக்காது, பயிற்சி வேண்டும், ஆனால் வ்யூஃபைண்டரில் பார்ப்பது கண்ணாடி வழியாக வருகிற நிஜக் காட்சி என்பதால் துளியும் தாமதம் இருக்காது. நிக்கான் டி7200கூடப் போதும். ஆரம்ப நிலை டிஎஸ்எல்ஆரான கேனன் 1500டியில் 9 ஃபோகஸ் புள்ளிகள், விநாடிக்கு 3 படம், குடும்பப் படத்துக்கு நல்லது, இதற்கு வேண்டாம். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது லென்ஸின் முன்பக்கம் போன் டார்ச்சை அடித்துப் பின்பக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல் தெரிந்தால் அது ஃபங்கஸ், கடலோர ஊர்களில் நிறைய வரும், விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள். பட்டனைப் பாதி அழுத்திக் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் மாறி மாறி ஃபோகஸ் செய்து மோட்டார் சத்தத்தையும் கேளுங்கள், கரகரப்போ தடங்கலோ இருக்கக்கூடாது.

நிக்கான் பி950, பி1000 மாதிரி லென்ஸைக் கழற்ற முடியாத பெரிய ஜூம் கேமராக்களும் பலரை இழுக்கும். பி1000இல் ஃபுல் பிரேம் கணக்கில் 3000 எம்எம் வரை போகிறது, நிலாவையும் கொம்பில் சும்மா உட்கார்ந்திருக்கிற பருந்தையும் ஆசை தீர எடுக்கலாம். பருந்து பறந்த நொடியில் கேமராவின் ஃபோகஸ் கூடவே போகாது. அந்த வகையில் இதற்கு உருப்படியானது சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4, அதுவும் பழையதாகக் கிடைத்தால்.

இத்தனைக்குப் பிறகும் இரண்டுக்கு நடுவில் குழப்பமாக இருந்தால் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். கல்யாண போட்டோகிராபர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிற கடைகள் பெரிய ஊர்களில் எல்லாம் இருக்கின்றன, அடையாள அட்டையும் முன்பணமும் கேட்பார்கள். எடுத்தால் வார நாளில் எடுங்கள், முகூர்த்த நாளில் ஒன்றும் மிஞ்சாது. சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போய், கூடு திரும்புகிற காகங்களையும் வட்டமடிக்கிற புறாக்களையும் அரை மணி நேரம் சுடுங்கள். மறுநாள் காலையில் நாயை அவிழ்த்துவிட்டு, தரையோடு படுத்து, அது உங்களை நோக்கி ஓடி வரும்படி வீட்டிலிருந்து யாரையாவது உங்களுக்குப் பின்னால் நின்று கூப்பிடச் சொல்லுங்கள். கேமராவின் பிடி உங்கள் கைக்குச் சரியாக இருக்கிறதா, கண்ணை எடுக்காமலே கட்டைவிரலுக்கு ஃபோகஸ் பட்டன் எட்டுகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது. வாங்கப் போன பாடியை விட்டுவிட்டு, அதைவிட விலை குறைந்த ஒன்றை எடுத்துக்கொண்டு மிச்சப் பணத்தில் 100-400 வாங்கினேன்.