பழைய கார் ஸ்பீக்கர்: க்ரொஸோவரில் பாகம் இல்லாதபோது தவிர்க்க வேண்டிய பிழைகள்

கல்முனையிலோ காத்தான்குடியிலோ பழைய சாமானாக வாங்கும் ஸ்பீக்கர் சோடியில் வூஃபரும் (பேஸ் ஸ்பீக்கர்) ட்வீட்டரும் (கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) நல்லாயிருக்கும். சத்தத்தை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் க்ரொஸோவர் பெட்டியைத் திறந்தால் கப்பாசிட்டர் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை மட்டும் தெரியும். அந்த ஓட்டைகளை ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவதுதான் மிகப் பெரிய பிழை. பாட்டுக் கேட்கும், வேலை முடிந்தது போலவும் இருக்கும். ஆனால் ட்வீட்டரின் கொயில் தலைமுடி அளவுக் கம்பி. பேஸ் முழுவதும் அதற்குள் போனால், சத்தத்தைக் கூட்டும் முதல் நாளே கருகும். அதோடு 4 ஓம் வூஃபரும் 4 ஓம் ட்வீட்டரும் நேரே சமாந்தரமாகி 2 ஓமாகிவிடும். 4 ஓமுக்குச் செய்த கார் செற் சூடேறி நின்றுவிடலாம்.

க்ரொஸோவர் வழியாக ஓம் அளக்கும் மீற்றர் வைத்துவிட்டு, ட்வீட்டர் செத்துவிட்டது என்று எறியாதீர்கள். கப்பாசிட்டர் நேர்மின்னோட்டத்தை விடாது, அதனால் மீற்றர் அசையாது. வயரைக் கழற்றி ட்வீட்டரிலேயே நேரே வையுங்கள். 4 ஓம் கொயில் 3 முதல் 4 வரை காட்டினால் நல்லது.

கப்பாசிட்டரின் அளவை ஊகிக்க வேண்டாம். மற்றப் பக்கப் பெட்டியில் இருந்தால் அதைப் பார்த்து அதே அளவைப் போடுங்கள்: 475 என்றால் 4.7 மைக்ரோஃபரட், 685 என்றால் 6.8, 106 என்றால் 10. இரண்டு பக்கமும் இல்லாவிட்டால் கணக்கு இதுதான்: 159,000ஐ ஓமாலும் மைக்ரோஃபரட்டாலும் வகுத்தால், எத்தனை ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ள சத்தத்தை வெட்டும் என்று வரும். 4 ஓம் ட்வீட்டருக்கு 10 போட்டால் ஏறத்தாழ 4,000, 6.8 என்றால் 5,850, 4.7 என்றால் 8,500. பெயர் தெரியாத சின்ன ட்வீட்டருக்கு 4.7இல் தொடங்குங்கள். சத்தம் மெலிவாக இருந்தால் 6.8க்கு ஏறலாம். ட்வீட்டருக்கு ஒற்றைக் கப்பாசிட்டர் மட்டும் உள்ள பெட்டியில் 10 போடுவது ஆபத்து.

பழைய டிவி போர்டில் கழற்றிய, ஒரு பக்கம் மைனஸ் கோடு போட்ட கப்பாசிட்டரைத் தனியாகப் போடக்கூடாது. ஸ்பீக்கருக்கு வருவது மாறுமின்னோட்டம், அது நாளடைவில் வீங்கும். 100 வோல்ட் ஃபிலிம் வகையோ பிளஸ் மைனஸ் இல்லாத நொன்-போலார் வகையோ வேண்டும். அவசரத்துக்கு மைனஸ் கோடுள்ள 50 வோல்ட் 10 மைக்ரோஃபரட் இரண்டின் மைனஸ் கால்களை ஒன்றாக ஈயம் வைத்தால் 5 கிடைக்கும்.

பெட்டிக்குள் வூஃபருக்குத் தொடராக நிற்கும் கொயில் (கம்பிச் சுருள்) இல்லாவிட்டால், அந்த இடத்தை வயரால் இணைத்தாலும் பெரிய நட்டமில்லை, குரல் கொஞ்சம் கரகரக்கும். ட்வீட்டருக்குக் குறுக்கே நிற்கும் கொயில் வேறு கதை. அந்த இடத்தை வயரால் மூடினால் ட்வீட்டர் ஊமையாகும், செற்றுக்கும் கேடு. 3,000 ஹேர்ட்ஸில் வெட்டும் அத்தகைய பெட்டிக்கு 4 ஓமில் கப்பாசிட்டர் 9.4 மைக்ரோஃபரட், கொயில் 0.3 மில்லிஹென்றி. இதில் ட்வீட்டரின் பிளஸ் மைனஸ் மாறியிருந்தால், பெரும்பாலும் வேண்டுமென்றே செய்தது, திருத்தாதீர்கள்.

வட்டத் தகடு போன்ற மஞ்சள் பாகத்தைக் கப்பாசிட்டர் என்று எண்ணி மாற்றுவதும் நடக்கிறது. அது ட்வீட்டரைக் காக்கும் பாகம். அதிக சத்தத்தில் தன்னால் வெட்டி, ஆறியதும் திரும்ப விடும்.

கடற்கரைப் பக்கத்து வண்டிகளில் பாகங்களின் கால்கள் பச்சை பிடித்திருக்கும். சுரண்டாமல் ஈயம் வைத்தால் மேலே ஒட்டியதுபோல் நின்று, குலுக்கலில் விட்டுவிடும். புளிப்பு வாசம் அடிக்கும் சிலிக்கன் பூசாதீர்கள், அது செம்பைத் தின்னும். பெட்டியைக் கதவுக்குள் வைத்தால் மாரியில் கண்ணாடி வழியே இறங்கும் தண்ணீர் நேரே அதில்தான் விழும். டாஷ்போர்டின் கீழ் கட்டுங்கள்.