அஸ்வெசும நின்ற பிறகு: தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மாருக்கான வீட்டுக் கணக்கு

அரசாங்கத்தின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமக் காசு பெரிய தொகை இல்லை. ஆனால் மாதாமாதம் வரும் என்று தெரிந்த காசு. கடை முதலாளி கொப்பியில் எழுதி அரிசி தந்ததும், சீட்டில் உங்களைச் சேர்த்துக்கொண்டதும் அதை நம்பித்தான். அது நின்றதும் பெரும்பாலான தாய்மார் "அவ்வளவு காசை எங்கே தேடுவது" என்று யோசிக்கிறார்கள். அதோடு, எந்தத் திகதியில் காசு கைக்கு வரும் என்றும் யோசிக்க வேண்டும். திகதி தெரியாத வருமானம் எவ்வளவு வந்தாலும், இடைப்பட்ட நாட்களில் வட்டிக்காரரைத்தான் தேட வைக்கும்.

முதலில், ஏன் நின்றது?

பட்டியலில் பெயர் இருந்தும் காசு வராதது ஒரு பிரச்சினை, பட்டியலில் இருந்தே பெயர் நீக்கப்பட்டது இன்னொரு பிரச்சினை. முதலாவதற்கு வங்கிக் கணக்கு இலக்கம், அடையாள அட்டை இலக்கம், பெயரின் எழுத்து ஆகியவை பொருந்தாததே பெரும்பாலும் காரணம். பழைய அடையாள அட்டை இலக்கத்தில் பதிந்துவிட்டு, வங்கியில் புதிய இலக்கத்தைக் கொடுத்திருந்தால் இப்படி ஆகும். அடையாள அட்டையையும் பாஸ் புத்தகத்தையும் கொண்டுபோய்ப் பிரதேச செயலகத்தின் நலன்புரிப் பிரிவில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெயரே நீக்கப்பட்டிருந்தால் எழுத்தில் மேன்முறையீடு செய்யுங்கள். அஸ்வெசுமவில் வருமானத்தை மட்டும் பார்ப்பதில்லை. கல்வி, சுகாதாரம், பொருளாதார மட்டம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு பக்கமாக 22 குறிகாட்டிகளில் புள்ளி போடுகிறார்கள். தம்பி குடும்பமும் அதே வளவில் இருந்து, ஒரே குடும்பமாகப் பதிவாகியிருந்தால் அவருடைய வாகனமும் உங்கள் கணக்கில் ஏறிவிடும். "நான் கஷ்டப்படுகிறேன்" என்று எழுதுவதைவிட, "எங்கள் அடுப்பு வேறு, என் குடும்பத்தில் இத்தனை பேர், வாகனம் என்னுடையது இல்லை" என்று எழுதுவது பலன் தரும். பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்பி வராதீர்கள்.

அஸ்வெசுமவின் நான்கு பிரிவுகளில் மாதம் 2,500, 5,000 ரூபாப் பிரிவுகள் தொடக்கத்திலேயே காலக்கெடு வைத்துக் கொடுக்கப்பட்டவை. 2025 ஜனவரியில் 10,000, 17,500 என்று உயர்ந்தவை அதற்கு மேலுள்ள இரண்டு பிரிவுகள். 70 வயது கடந்த அம்மாவோ, மாற்றுத்திறனாளிப் பிள்ளையோ வீட்டில் இருந்தால் அவர்களுக்கான கொடுப்பனவு தனி. உங்களுடையது நின்றதால் அதுவும் நின்றதாக நினைத்து விட்டுவிடாதீர்கள்.

பன்னிரண்டு மாதக் கட்டம்

ஒற்றைரூல் கொப்பியில் 12 கட்டம் போடுங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் வரவு, செலவு, பள்ளம் (வரவுக்கு மேல் போகும் செலவு) என்று மூன்று வரி. நம் மட்டக்களப்புப் பக்கத்தில் பள்ளம் விழும் மாதங்கள் முன்கூட்டியே தெரிந்தவை. கார்த்திகை தொடங்கித் தை வரை மழை, வெள்ளம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பாதை அடைபடும், கூலி வேலை இருக்காது, விறகு நனைந்திருக்கும். அதே நேரத்தில் பாடசாலைச் செலவும் வந்து நிற்கும். பெரும்போக அறுவடையிலும், பிறகு சிறுபோக அறுவடையிலும் கையில் காசு புழங்கும். சீட்டுக் கட்டுவதானால் உங்கள் முறை கார்த்திகையிலோ மார்கழியிலோ விழும்படி முதலே கேட்டு வாங்குங்கள். சித்திரையில் எடுத்த சீட்டு வெள்ளத்துக்கு உதவாது.

இடியப்பத்தில் ஒரு கணக்கு

வீட்டுத் தொழில் என்றால் இடியப்பம், பிட்டு, தையல், கோழி, பாய் என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள். எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். கீழே உள்ளவை எடுத்துக்காட்டு விலைகள். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

5 கிலோ மாவில் 250 இடியப்பம். மா 1,000 ரூபா, விறகு 150, போக்குவரத்து 100, உப்பும் தாளும் 40. மொத்தம் 1,290. கடைக்கு ஒன்று 8 ரூபா. எல்லாம் விற்றால் 2,000 வரும், மிச்சம் 710. ஆனால் 30 திரும்பி வந்தால் வரவு 1,760, மிச்சம் 470 மட்டுமே. திரும்பி வந்த அந்த 30 இடியப்பம் இலாபத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது. அதனால் இரண்டு கிழமைக்குக் கடை கடையாகத் திரும்பியதை எண்ணி எழுதுங்கள். எந்தக் கடையில் எந்த நாளில் திரும்புகிறது என்று தெரிந்ததும் அந்தக் கடைக்கு அந்த நாளில் குறையுங்கள். கூடுதலாக அவிப்பதைவிடக் குறைத்து அவிப்பதில்தான் இங்கே காசு மிஞ்சுகிறது.

மாவையும் கவனியுங்கள். வறுத்தது போதாமல் இருந்தாலும், தண்ணீர் நன்றாகக் கொதிக்காமல் ஊற்றினாலும் இழை உடையும். மாரி காலத்தில் வறுத்த மாவை முழுதாக ஆறவிட்ட பிறகே மூடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து இரண்டு நாளில் கட்டிபடும். கடைக்குக் கொடுப்பதானால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

26 நாள் 470 ரூபா என்றால் 12,220. நின்றுபோன 10,000 இதில் திரும்பி வருகிறது, கடைக்காரர் அன்றன்றைக்குக் காசு தந்தால். கிழமை முடிவில் தருகிறேன் என்பவருக்கு முதல் மாதம் கொடுக்கவே வேண்டாம்.

கிழமைக் கடன்

நலன்புரி நின்ற செய்தி பரவியதும் பெண்களைக் குழுவாகச் சேர்த்து நுண்கடன் கொடுக்கும் குழுக் கடன்காரர் படலைக்கு வருவார். 50,000 தருவார், கிழமைக்கு 1,200, 52 கிழமை. மொத்தம் 62,400, வட்டி 25 சதவீதம்கூட இல்லை என்பார். அரை வருடத்தில் வாங்கிய முதல் தொகையில் ஏறக்குறையப் பாதியைத் திருப்பிவிடுகிறீர்கள், ஆனால் வட்டி முழு 50,000க்கும் ஓடுகிறது. உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 45 சதவீதம். மேலே பார்த்த 470 ரூபாயில் கிழமைக்கு 1,200 போனால், ஆறு நாள் உழைப்பில் இரண்டரை நாள் கடனுக்கு. 2018இல் வறட்சி மாவட்டப் பெண்களின் நுண்கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்யும் நிலைக்குப் போனது இந்தக் கணக்கால்தான்.

அவசரத்துக்கு நகை இருந்தால் வங்கியில் அடகு வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே அடகுச் சீட்டில் வைக்காமல் ஒவ்வொன்றாகத் தனிச் சீட்டில் வைத்தால், கையில் கிடைக்கும் சிறு காசுக்கு ஒன்றையாவது மீட்கலாம். கிழக்கில் வீடு பெரும்பாலும் சீதனமாகப் பெண்ணின் பெயரில்தான் இருக்கிறது. அந்த உறுதியை மட்டும் எந்தக் கடனுக்கும் வெளியே எடுக்காதீர்கள்.

பிள்ளையின் தகப்பன் தர வேண்டியது

இதைக் கேட்கக் கூச்சப்படுகிறோம், கூச்சம் வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி பிள்ளையின் பராமரிப்புச் செலவை நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம். திருமணம் பதியாமல் பிறந்த பிள்ளைக்கும் உரிமை உண்டு. முஸ்லிம் தாய்மாருக்குக் காதி நீதிமன்றம். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், அவர் வேலை செய்யும் இடம், சம்பள விபரம் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டத்தரணிக்குக் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். கட்டளை கிடைத்த பிறகு காசைத் தெருவில் வைத்துக் கையில் வாங்காதீர்கள். பதிவில்லாமல் வாங்கியது பிறகு வழக்கில் சிக்கலாகும்.

கம்பனி வேலை

தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியில் 30,000. திகதி தெரிந்த காசு என்பதால் தொழிலைவிட இது பல வீடுகளுக்குப் பொருந்தும். சேருமுன் பஸ் கட்டணத்தையும், பிள்ளையைப் பார்ப்பவருக்குக் கொடுப்பதையும் கழித்துப் பாருங்கள். சம்பளச் சீட்டில் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் 8 சதவீதம் வெட்டியிருந்தால் முதலாளி 12 சதவீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம் அவருடைய செலவு, உங்களிடம் வெட்டக் கூடாது. வெட்டிய காசு கணக்கில் ஏறவில்லையென்றால், சம்பளச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போங்கள். அதற்காகவே ஒவ்வொரு மாதச் சீட்டையும் அந்த 12 கட்டக் கொப்பிக்குள் ஒட்டி வையுங்கள்.