வெள்ளாற்றில் கொடுவா பிடிக்க

தூண்டிலோடு பரங்கிப்பேட்டைக்கு வரும் வெளியூர் நண்பர்கள் முதலில் கேட்பது, "மீன் எந்த இடத்தில் கிடைக்கும்?" என்பதுதான். எந்த நேரத்தில் என்று கேளுங்கள். வெள்ளாற்று முகத்துவாரத்தில் ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது, ஒரு மீட்டருக்கு மேல் ஏறுவது அரிது. ஆனாலும் மீனின் நடமாட்டமெல்லாம் அதற்குக் கட்டுப்பட்டதுதான்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வாருங்கள். அப்போது நீர் நன்றாக ஏறி நன்றாக வற்றும். அஷ்டமியில் ஓட்டம் மந்தம். நான் தூண்டிலைத் தொடுவதே இல்லை. இன்று ஆறு மணிக்கு வற்றத் தொடங்கினால் நாளை ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளித் தொடங்கும்.

நீர் ஏறும்போது மடவை மீன் கூட்டம் கரையோரச் சேற்றில் மேய வரும். கொடுவாவும் பின்தொடரும், ஆனால் பரந்த நீரில் சிதறிக் கிடக்கும். பொறுங்கள். நீர் இறங்கத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆனதும், சிற்றோடை ஆற்றில் விழும் வாய்க்குப் போங்கள். (பிச்சாவரம் காப்புக்காட்டுக்குள் நுழைய வேண்டாம்.) அலையாத்தி வேர்களுக்குள் ஒளிந்திருந்த இறாலும் மீன்குஞ்சும் அந்தக் குறுகிய வாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கலங்கல் நீரும் தெளிந்த நீரும் உரசும் கோட்டுக்கு அடியில், ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்துக் கொடுவா காத்திருக்கும்.

இரைக்கு உயிர் இறால். தூண்டில் முள்ளை இறாலின் தலைக்கொம்புக்குக் கீழே குறுக்காக ஏற்றுங்கள். உள்ளே தெரியும் கருந்திட்டில் பட்டால் இறால் செத்துவிடும். ஈயம் கட்டாதீர்கள். ஓடைக்குள் வீசி, ஓட்டமே இரையை இழுத்து வரட்டும். தூண்டில் நரம்பு தொய்யாமல் பார்த்துக்கொண்டால் போதும். முள்ளுக்கு மேல் ஒரு முழம் தடித்த நரம்பு கட்டாயம் வேண்டும். கொடுவாவின் செவுள் மூடி கத்திபோல் அறுக்கும். ஒரு மாசி மாதம் அவசரத்தில் மெல்லிய நரம்பையே கட்டிவிட்டேன். பெரிய மீன் ஒன்று அறுத்துக்கொண்டு போனது. வாயில் முள்ளோடு அது என்ன பாடுபட்டதோ என்ற வருத்தம் இன்னும் தீரவில்லை.

கெளுத்தி மாட்டினால் வெறுங்கையால் பிடிக்காதீர்கள். அதன் முள் குத்தினால், தாங்கும் சூட்டில் வெந்நீரில் கையை வையுங்கள், வலி தணியும்.

கொடுவா ஆணாக முதிர்ந்து, பெரிதான பின் பெண்ணாக மாறும் மீன். ஒரு மீட்டரை நெருங்குவது பெரும்பாலும் முட்டையிடும் தாய். அதை விட்டுவிடுங்கள். கரைக்குத் தூக்காமல் நீரிலேயே முள்ளைக் கழற்றி, வாலை அதுவாக உதறும்வரை வயிற்றைத் தாங்கிப் பிடித்திருங்கள்.