ஃபர்ம்வேர் அப்டேட் போட்டதும் ஆம்ப் சவுண்ட் மாறிவிட்டதா? மாடலரை முறையாக அப்டேட் செய்வது எப்படி

மாடலரில், அதாவது நிஜ ஆம்ப்களின் ஒலியை மென்பொருளால் உருவாக்கும் பெட்டியில், கிட்டார் வாசிப்பவர்களுக்கு ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் என்றாலே ஆசையும் பயமும் சேர்ந்தே வரும். புது ஆம்ப் மாடல் கிடைக்கும் என்பது ஆசை. மெனக்கெட்டு உருவாக்கிய டோன் கைவிட்டுப் போய்விடுமோ என்பது பயம். எனக்கும் ஒரு பெரிய அப்டேட்டுக்குப் பிறகு, தினமும் வாசிக்கிற பிரீசெட்டில் (சேமித்துவைத்த ஒலி அமைப்பில்) ஏதோ ஒன்று குறைவதாகவே தோன்றிக்கொண்டிருந்தது. காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

கேபிளைச் செருகி பட்டனை அழுத்தும் பகுதி எந்த மேனுவலிலும் இருக்கும். அப்டேட்டுக்கு முன் எடுத்துவைக்க வேண்டிய ரெக்கார்டிங்கும், அப்டேட்டுக்குப் பின் ஆம்ப் பிளாக்கை (பிரீசெட்டில் ஆம்ப்புக்கான பகுதியை) புதிதாக அமைப்பதும்தான் பலர் தாண்டிப்போகிற இடங்கள். அதனால் அவற்றுக்கே இங்கே அதிக இடம்.

ஃபர்ம்வேர் ஆம்ப்பில் எதை மாற்றுகிறது?

மாடலருக்குள் வால்வும் (வெற்றிடக் குழாய்) இல்லை, டிரான்ஸ்ஃபார்மரும் இல்லை. அவை நடந்துகொள்ளும் விதத்தை நொடிக்குப் பல ஆயிரம் முறை கணக்குப் போடும் மென்பொருள்தான் இருக்கிறது. அந்தக் கணக்கு மாறினால் அதே பெட்டியிலிருந்து வேறு ஒலி வரும். லைன் 6 நிறுவனத்தின் ஹீலிக்ஸ் மாடலர் 2015-இல் வந்தது. அதன் ஸ்பீக்கர் கேப் (ஸ்பீக்கர் பெட்டி) பகுதியை 2022-இல் வந்த 3.50 ஃபர்ம்வேரில் அடியோடு புதிதாக எழுதினார்கள். அதற்கு முன் மைக்கை வைக்கும் இடத்தில் தூரத்தை மட்டும்தான் மாற்ற முடியும். அதற்குப் பிறகு ஸ்பீக்கரின் நடுவிலிருந்து ஓரம் வரை மைக்கை நகர்த்தலாம். ஏழு வருடப் பழைய பெட்டிக்கு வீட்டிலிருந்தபடியே கிடைத்த மாற்றம் இது.

உண்மையான ஆம்ப்பை வாசிப்பது போன்ற உணர்வு பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்களில்தான் இருக்கிறது. ஸாக் அவற்றில் ஒன்று. ஒரு கார்டை ஓங்கி அடித்தால் ஆம்ப்பின் பவர் சப்ளையில் வோல்டேஜ் ஒரு கணம் இறங்கி, பிறகு மெல்ல ஏறும். வால்வ் ரெக்டிஃபையர் (ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் பகுதி) உள்ள ஆம்ப்களில் இது நன்றாகவே தெரியும். அடி விழுந்ததும் நோட் கொஞ்சம் அமுங்கி, பின்னர் மலர்வது போல் விரல்களுக்கு ஒரு உணர்வு வரும். இன்னொன்று ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ், அதாவது சிக்னலுக்கு அது காட்டும் மின் எதிர்ப்பு. 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் எல்லா அலைவரிசையிலும் அது 8 ஓமாக இருக்காது. ரெசனன்ஸ் (ஸ்பீக்கர் இயல்பாகவே அதிகம் அதிரும் அலைவரிசை) இருக்கும் இடத்தில் பல மடங்கு ஏறும். செலெஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கருக்கு அது 75 ஹெர்ட்ஸ் அருகில் வரும். மேலே டிரெபிள் பக்கமும் மறுபடி ஏறும். வால்வ் பவர் ஆம்ப் இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப நடந்துகொள்வதால்தான் கீழே அந்தக் கனமும் மேலே அந்த வெட்டும் கிடைக்கின்றன. ஃபர்ம்வேர் குறிப்புகளில் "பவர் ஆம்ப் மாடலிங் மேம்படுத்தப்பட்டது" என்று ஒரே வரியில் போட்டிருந்தாலும், அதற்குப் பின்னால் இப்படிப்பட்ட மாற்றங்கள் இருக்கலாம்.

மாடலரை அப்டேட் செய்வது ஆம்ப்பையே மாற்றுவதற்குச் சமம் என்பது என் கருத்து. ஆம்ப் மாறினால் நாப்களை மறுபடி திருப்பித்தானே ஆகவேண்டும்!

படி 1: பேக்கப்

கணினியில் மாடலரைக் கையாளும் எடிட்டர் மென்பொருளைத் திறந்து முழு பேக்கப் எடுங்கள். பிரீசெட்களை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். நீங்களே ஏற்றிய ஐஆர் ஃபைல்களும் (ஸ்பீக்கர் கேப்பின் ஒலித்தன்மையைப் பதிவு செய்த ஃபைல்கள்) குளோபல் செட்டிங்ஸும் அதில் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஐஆர் விடுபட்டால் கேப் இல்லாமல் வெறும் ஆம்ப் மட்டும் ஒலிக்கும். தேனீக் கூட்டம் காதுக்குள் புகுந்த மாதிரி இருக்கும். பலர் அப்டேட் டோனைக் கெடுத்துவிட்டது என்று நினைப்பது இந்த இடத்தில்தான்.

குளோபல் செட்டிங்ஸ் பக்கங்களைப் போனில் ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவுட்புட் லெவல் லைனா இன்ஸ்ட்ருமென்ட்டா, குளோபல் ஈக்யூ ஆன் ஆகியிருக்கிறதா, இன்புட் பேட் (உள்ளே வரும் சிக்னலைக் குறைக்கும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா என்பதெல்லாம் ஃபேக்டரி ரீசெட்டில் ஆரம்ப நிலைக்குப் போய்விடும்.

படி 2: அப்டேட்டுக்கு முன் ஒரு ரெக்கார்டிங்

இதைத் தவறவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒலியைப் பற்றிய ஞாபகம் மிகவும் நம்பமுடியாதது. அரைமணி நேரம் கழித்து "முன்னாடி இதைவிட வார்மாக இருந்தது" என்று நாம் சொல்வதற்கு எந்த ஆதாரமும் இருக்காது.

பெரும்பாலான மாடலர்கள் யூஎஸ்பி வழியாக, எந்த எஃபெக்டும் சேராத வெறும் கிட்டார் சிக்னலைக் கணினிக்கு அனுப்பும். டிஐ டிராக் என்பது அதுதான். உங்கள் முக்கியமான பிரீசெட்டைப் போட்டு, அரை நிமிடம் வாசித்து, டிஐ டிராக்கையும் ஆம்ப் சத்தம் உள்ள டிராக்கையும் ஒன்றாக ரெக்கார்ட் செய்யுங்கள். ஹீலிக்ஸில் வெறும் கிட்டார் யூஎஸ்பி 7-இல் வரும். ரெக்கார்டிங் மென்பொருளுக்கு என் பரிந்துரை ரீப்பர். சின்னது, வேகமானது, சத்தத்தை அளக்கும் லவுட்னஸ் மீட்டரும் கூடவே வருகிறது. கணினியோடு இலவசமாக வரும் மென்பொருளிலும் ரெக்கார்ட் செய்யலாம். ஆனால் பல இன்புட், அவுட்புட்களைப் பிரித்துக் கொடுப்பது ரீப்பரில் மிகத் தெளிவாக இருக்கும்.

என்ன வாசிப்பது? ஒரு முழு கார்டை அடித்து அது அடங்கும் வரை விடுங்கள். கீழ்க்கம்பிகளில் பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தால் கம்பியை அமுக்கி வாசிப்பது) கொஞ்சம். மேல் ஃப்ரெட்டில் ஒரு நீண்ட பெண்ட் (கம்பியைத் தள்ளி நோட்டை ஏற்றுவது). கடைசியாக, கிட்டாரின் வால்யூம் நாபை 10-லிருந்து 4-க்கு இறக்கி, வாசித்த கார்டையே மறுபடி வாசியுங்கள். நான்கும் வேண்டும், ஏன் என்று படி 5-இல் வரும்.

படி 3: அப்டேட்

இது எளிது. முதலில் எடிட்டர் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றுங்கள், பிறகு மாடலரை. ஹீலிக்ஸ் போன்றவை யூஎஸ்பி கேபிள் வழியாகவும், க்வாட் கார்டெக்ஸ் என்ற மாடலர் வைஃபை வழியாகவும் அப்டேட் ஆகும். கெம்பர் என்ற இன்னொரு மாடலரில் ஃபைலைப் பென்டிரைவில் போட்டும் ஏற்றலாம். கேபிள் என்றால் ஹப் வேண்டாம், கணினியில் நேராகச் செருகுங்கள். லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டு, ஸ்லீப் மோடை அணைத்துவிடுங்கள்.

அப்டேட் முடிந்து மாடலர் மறுபடி ஆன் ஆகும்போது பிரீசெட்களை ஒவ்வொன்றாகப் புதிய வடிவத்துக்கு மாற்றும். சில நிமிடங்கள் திரை அப்படியே நிற்பது போல் இருக்கும். ஆஃப் செய்யாதீர்கள்.

தயாரிப்பாளரின் குறிப்பில் ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொல்லியிருந்தால், செய்துவிட்டுப் பேக்கப்பைத் திரும்ப ஏற்றுங்கள். பெரிய அப்டேட்களுக்கு லைன் 6 இதைத்தான் சொல்கிறது.

படி 4: பழைய பிரீசெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

நான் நெடுநேரம் மாட்டிக்கொண்ட இடம் இதுதான்.

பிரீசெட் என்பது எண்களின் பட்டியல். கெய்ன் 6.2, பாஸ் 4, ஸாக் 5, பயாஸ் இவ்வளவு என்று அந்த ஆம்ப்புக்கான எல்லா அளவுகளும் அதில் இருக்கும். அப்டேட்டில் ஆம்ப்பின் கணக்கு மாறும். பட்டியலில் உள்ள எண்கள் மாறாது. பழைய கணக்குக்குப் பொருத்தமாக நாம் வைத்த எண்கள் புதிய கணக்கில் வேறு ஒலியைத் தரும். முக்கியமாக, முதல் பக்கத்தில் தெரியாத ஆழமான அளவுகளைக் கவனியுங்கள். பழைய மாடலில் டிரெபிள் எரிச்சலாக இருக்கிறதென்று பிரசன்ஸை (மேல்பக்க ஒலியைக் கூட்டிக் குறைக்கும் நாப்) அடியோடு குறைத்து வைத்திருப்போம். புதிய மாடலில் அந்த எரிச்சலே இருக்காது. நம் திருத்தம் மட்டும் மிச்சமிருந்து, ஒலியைப் போர்த்தி மூடிவிடும். என் பிரீசெட்டில் "ஏதோ குறைகிறது" என்று தோன்றியதற்குக் காரணம் இதுவேதான்.

இதற்கு நேரெதிரான சிக்கலும் உண்டு. சில அப்டேட்களில் பழைய பிரீசெட்டில் எதுவுமே மாறாது. ஹீலிக்ஸ் 3.50-இல் புதிய கேப்கள் வந்தபோது பழைய கேப்கள் லெகசி என்ற பெயரில் அப்படியே இருந்தன. பழைய பிரீசெட்கள் அவற்றையே தொடர்ந்து பயன்படுத்தின. நாமாகப் போய் மாற்றினால்தான் புதிய கேப் ஒலிக்கும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். பழைய பிரீசெட்டைத் தொடாமல் ஒரு நகல் எடுங்கள். நகலில் ஆம்ப் பிளாக்கை நீக்கிவிட்டு, அதே ஆம்ப்பைப் பட்டியலிலிருந்து மறுபடி தேர்ந்தெடுங்கள். சில மாடலர்களில் பிளாக்கை ரீசெட் செய்யத் தனி வசதியே உண்டு. கேப்புக்கும் இதே வழிதான். ஆம்ப்புக்குப் பின்னால் சரிசெய்வதற்காக வைத்த ஈக்யூ பிளாக்குகள் எல்லாவற்றையும் ஆஃப் செய்யுங்கள். இப்போது கெய்ன், பாஸ், மிட், டிரெபிள், மாஸ்டர் ஆகிய ஐந்தை மட்டும் திருப்பி டோனைக் கண்டுபிடியுங்கள். உண்மையான ஆம்ப்பில் இல்லாத நாப்களை இந்தக் கட்டத்தில் தொடவேண்டாம். இந்த ஐந்திலேயே காரியம் முடிந்தால், மாடலிங் உண்மையாகவே முன்னேறியிருக்கிறது என்று அர்த்தம்.

கெம்பர் புரொஃபைல், க்வாட் கார்டெக்ஸின் கேப்சர் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் படி அவ்வளவாகப் பொருந்தாது. அவை ஒரு ஆம்ப்பை ஒரு குறிப்பிட்ட நாப் நிலையில் அப்படியே பிடித்துவைத்த பதிவுகள்.

படி 5: சத்தத்தைச் சமமாக்கிவிட்டு ஒப்பிடுங்கள்

முதலில் எடுத்த டிஐ டிராக்கை மாடலருக்குள் திரும்ப அனுப்புங்கள். இதற்கு ரீஆம்ப் என்று பெயர். ஹீலிக்ஸில் பிரீசெட்டின் இன்புட்டை யூஎஸ்பி 3/4 என்று மாற்றி, ரீப்பரில் அந்த டிராக்கின் அவுட்புட்டையும் அதற்கே அனுப்பினால் போதும். கை ஒன்று, வாசிப்பு ஒன்று. ஃபர்ம்வேர் மட்டும்தான் வேறு. நேர்மையான ஒப்பீட்டுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இரண்டு ரெக்கார்டிங்கையும் மீட்டரில் பார்த்து ஒரே லவுட்னஸுக்குக் கொண்டுவந்த பிறகே கேளுங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக இருப்பதைக்கூடக் காது "சத்தம் அதிகம்" என்று சொல்லாது; "இது நல்லா இருக்கு" என்றுதான் சொல்லும்.

இப்போது அந்த நான்கு பகுதிகள். கார்டு அடங்கும்போது அதன் வால் மெல்லத் தேய்கிறதா, பொரிவது போல் உடைகிறதா? பாம் மியூட்டில் அடிவயிற்றைத் தொடும் அந்த உதை வருகிறதா? வால்யூமை 4-க்கு இறக்கியதும் டிஸ்டார்ஷன் கலைந்து ஒலி தெளிகிறதா, இல்லை அதே அழுக்கு சின்னச் சத்தத்தில் வருகிறதா? நல்ல வால்வ் ஆம்ப்பில் தெளிய வேண்டும்.

பெண்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பல மாடலர்கள் நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கின்றன. 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அவற்றால் எதையும் காட்ட முடியாது. ஆனால் டிஸ்டார்ஷன் அதற்கு மேலும் ஹார்மோனிக்குகளை (நோட்டின் மடங்குகளாக வரும் துணை ஒலிகளை) உண்டாக்கிக்கொண்டே போகும். அவை மறைவதில்லை, மடங்கிக் கீழே வந்துவிடும். 26 கிலோஹெர்ட்ஸில் உருவானது 22-இல் ஒலிக்கும்; 27-இல் உருவானது 21-இல். கம்பியைத் தள்ளி நோட்டை மேலே ஏற்றும்போது, பின்னணியில் மெல்லிய விசில் ஒன்று கீழே இறங்குவது கேட்டால் அதுதான் ஏலியாசிங். உலகில் எந்த வால்வ் ஆம்ப்பிலும் அந்தச் சத்தம் வராது. இதைக் குறைக்கத்தான் ஓவர்சாம்பிளிங் (நொடிக்கு இன்னும் அதிக மாதிரிகளில் கணக்கிடுவது) செய்கிறார்கள்; உதாரணமாக 8 மடங்கு என்றால், ஆம்ப் கணக்கு மட்டும் உள்ளே 384 கிலோஹெர்ட்ஸில் நடக்கும். ஹெட்ஃபோனில், அதிக கெய்னில், 15-ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் பெண்ட் செய்து கேளுங்கள். ஒரு மாடலர் எவ்வளவு உண்மையாக இருக்கிறது என்பதற்கு நான் முதலில் பார்க்கும் சோதனை இது.

கடைசி சரிபார்ப்பை மட்டும் நீங்கள் வழக்கமாக வாசிக்கும் சத்தத்தில் செய்யுங்கள். மெதுவான சத்தத்தில் காதுக்கு பாஸும் டிரெபிளும் குறைவாகத்தான் கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-இலேயே அளந்து காட்டிய விஷயம் இது. படுக்கையறைச் சத்தத்தில் அமைத்த டோன், மேடையில் பாஸ் இரைச்சலாகவும் டிரெபிள் கத்தலாகவும் மாறுவதற்கு இதுவே காரணம்.

பின்னூட்டங்களைப் பார்த்துச் சேர்த்தவை

"அப்டேட்டுக்குப் பிறகு எடிட்டர் மாடலரைக் கண்டுபிடிக்கவே இல்லை" என்று பலர் எழுதியிருந்தார்கள். பெரும்பாலும் எடிட்டர் பழைய பதிப்பாக இருக்கும். இல்லையென்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். போனோடு வரும் சில கேபிள்களில் சார்ஜ் மட்டும்தான் ஏறும், டேட்டா போகாது.

நடுவில் கரண்ட் போய் அப்டேட் பாதியில் நின்றால் என்ன செய்வது என்று ஒரு நண்பர் கேட்டார். பெரும்பாலான மாடலர்களில், குறிப்பிட்ட பட்டன்களை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் ரெக்கவரி மோடுக்குப் போகும். அங்கிருந்து ஃபர்ம்வேரை மறுபடி ஏற்றலாம். எந்த பட்டன்கள் என்பதை அப்டேட்டுக்கு முன்பே மேனுவலில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மேடையில் கிட்டார் ஆம்ப்பில் செருகி வாசிக்கும் ஒருவருக்கு அப்டேட்டுக்குப் பின் எல்லாம் மந்தமாகக் கேட்டதாம். நகல் பிரீசெட்டில் கேப் பிளாக்கும் சேர்ந்து ஆன் ஆகியிருந்தது. நிஜ ஸ்பீக்கருக்கு முன்னால் இன்னொரு ஸ்பீக்கர் தேவையில்லை; அதை ஆஃப் செய்ததும் சரியாகிவிட்டது.

பழைய ஃபர்ம்வேருக்கே திரும்ப நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். புதிய பதிப்பில் சேமித்த பிரீசெட்டைப் பழைய பதிப்பு திறக்காமல் போகலாம். படி 1-இல் எடுத்த பேக்கப்பைத்தான் ஏற்ற வேண்டும். அதனால் அந்த ஃபைலின் பெயரிலேயே பதிப்பு எண்ணையும் எழுதிவையுங்கள்.